உத்தரவு வாங்குவது வரை நன்று, மீறப்பட்ட பிறகு? குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சேவை பற்றி ஒரு மதிப்பீடு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் அரசு இலவசமாக வழங்கும் சேவையை என் தங்கைக்காகத் தொடக்கம் முதல் பயன்படுத்தியவள் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். சேவை என்று இங்கே நான் சொல்வது, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அமர்த்தித் தரும் வழக்கறிஞர், மனுவை விசாரிக்கும் நீதித்துறை நடுவர் நீதிமன்றம், அனைத்து மகளிர் காவல் நிலையம் ஆகிய நான்கும் சேர்ந்தது. வழக்கு இன்னும் நிலுவையில் இருப்பதால் ஊரின் பெயரையும் அலுவலர்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். தங்கையிடம் படித்துக் காட்டி அவள் சம்மதித்த பிறகே இதை வெளியிடுகிறேன். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், நீதிமன்ற உத்தரவு கைக்கு வரும் வரையிலான பகுதிக்கு நான்கு கொடுப்பேன். அந்த உத்தரவை எதிர்மனுதாரரான தங்கையின் கணவர் மீறிய நாளிலிருந்து தொடங்கும் பகுதிக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு பெண்ணின் உயிருக்கும் நிம்மதிக்கும் அந்த இரண்டாம் பகுதியே காவல் என்பதால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

சட்டத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும், அது தெரியாமல் சேவையின் தரத்தை எடைபோட இயலாது. 2005ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தில், பாதிக்கப்பட்ட பெண் 12ஆம் பிரிவின் கீழ் நடுவரிடம் மனுக் கொடுத்து, தன்னைத் துன்புறுத்தவோ தொடர்புகொள்ளவோ கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவையும், வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற வசிப்பிட உத்தரவையும், செலவுக்கான தொகையையும், பிள்ளைகளின் பொறுப்பையும், இழப்பீட்டையும் கேட்கலாம். குற்றவியல் நீதிமன்றத்தில் நடந்தாலும் இந்த மனு உரிமையியல் தன்மை கொண்டது என்றும், எதிரே நிற்பவரைக் குற்றம் சாட்டப்பட்டவரைப் போல நடத்தக் கூடாது என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. எதிர்மனுதாரர் குற்றவாளிக் கூண்டுக்கு வரும் இடம் 31ஆம் பிரிவு. பாதுகாப்பு உத்தரவையோ இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவையோ அவர் மீறினால் அந்த மீறலே தனிக் குற்றமாகிறது. அதற்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 32ஆம் பிரிவு அதைப் பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட இயலாத குற்றமாக வகுத்திருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணின் சாட்சியம் ஒன்றை மட்டுமே வைத்தும் குற்றம் நடந்ததென்று நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நான்கு சுவருக்குள் நடப்பதற்கு வேறு சாட்சி எங்கிருந்து வரும் என்பதை உணர்ந்து எழுதிய வரி அது.

முதல் பகுதியை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் குறை குறைவு. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சமூகநலத் துறையின் அறை ஒன்றில் பாதுகாப்பு அலுவலர் எங்களைச் சந்தித்தார். அவர் அவசரப்படுத்தவில்லை. முதலில் தங்கைக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, பிறகு குடும்ப வன்முறைச் சம்பவ அறிக்கையின் படிவத்தைத் தாமே கேட்டுக் கேட்டு நிரப்பினார். அடி, உதை என்பதோடு நிற்காமல், சம்பளப் பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் பூட்டிவைப்பது, பெண் குழந்தையைப் பெற்றாள் என்று இழித்துப் பேசுவது ஆகியவற்றுக்கும் அந்தப் படிவத்தில் இடம் இருப்பதைத் தங்கை அன்றுதான் பார்த்தாள். நகைகளின் பட்டியலை எடுத்து எழுதச் சொன்னார். சீர்ப் பொருள்களைத் திரும்பக் கேட்க அது அடிப்படையாக அமைந்தது. வழக்கறிஞருக்காக ஒரு ரூபாய் செலவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண் என்ற ஒரே தகுதியில் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம் என்பதை அறியாமல், தாலியை அடகு வைத்து வக்கீல் பீஸ் கட்டிய பெண்களை அந்த அலுவலகத்தின் மரப் பெஞ்சிலேயே சந்தித்தேன். 15100 என்ற எண்ணில் அழைத்தாலே அதற்கான வழியைச் சொல்கிறார்கள்.

நீதிமன்றத்தில் காலதாமதம் உண்டு. மனு வந்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாட்களுக்குள் முடிவு என்று சட்டம் இலக்கு வைத்திருக்கிறது. இறுதி உத்தரவைப் பொறுத்தவரை அந்த இலக்கின் அருகில்கூட நாங்கள் செல்லவில்லை. ஆனாலும் 23ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்டுத் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தை நடுவர் கவனமாகப் படித்து, தாமதிக்காமல் உத்தரவிட்டார். வாய்தாவுக்கு வாய்தா நடக்க வைக்கிறார்கள் என்று சலித்துக்கொள்வோர் இடைக்கால மனுவைத் தனியாகப் போட்டிருக்கிறார்களா என்று தங்கள் வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் வழக்கறிஞருக்கு இந்த மதிப்பீட்டில் தனியாக நன்றி சொல்ல வேண்டிய காரணம் ஒன்று உண்டு. மனுவின் முதல் வரைவில் வசிப்பிடமும் பராமரிப்புத் தொகையும்தான் பெரிதாக இருந்தன. இளையவரான அந்தப் பெண் வழக்கறிஞர் அதை எடுத்து வைத்துவிட்டு, பாதுகாப்பு உத்தரவு பற்றிய 18ஆம் பிரிவின் உட்பிரிவுகளை ஒவ்வொன்றாகத் தங்கையின் அன்றாட வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்து, கோரிக்கைப் பகுதியை வேறுவிதமாக எழுதினார். வேலை செய்யும் ஜவுளிக் கடையின் பெயரும் தெருவும், குழந்தையின் பள்ளியும், தங்கை ஏறும் பேருந்து நிறுத்தமும் அதில் இடம்பெற்றன. தொலைபேசி, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், சமூக ஊடகம் எதன் வழியாகவும், தாமாகவோ தம் சார்பில் வேறு எவர் மூலமாகவோ தொடர்புகொள்ளக் கூடாது என்ற வாசகமும் இருந்தது. தங்கைக்கு உதவி செய்பவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்று என்னையும் எங்கள் தாயாரையும் சேர்த்தார். பொதுவாக “எதிர்மனுதாரர் மனுதாரரைக் குடும்ப வன்முறைக்கு உட்படுத்தக் கூடாது” என்ற ஒற்றை வரியோடு வரும் உத்தரவுகளையும் பிறரிடம் பார்த்திருக்கிறேன். கடை வாசலில் வந்து நிற்பது வன்முறையா இல்லையா என்ற விவாதத்துக்கே அந்த ஒற்றை வரி இடம் கொடுத்துவிடும். பெயர் சொல்லித் தடுக்கப்பட்ட இடத்துக்கு வந்தாரா, வரவில்லையா என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால் எந்தக் காவலருக்கும் குழப்பம் வராது.

இதில் இன்னொரு நுட்பமும் அடங்கியிருக்கிறது. 31ஆம் பிரிவு தண்டிப்பது பாதுகாப்பு உத்தரவை மீறுவதைத்தான். பராமரிப்புத் தொகையைக் கட்டாமல் இருப்பதையும் இந்தக் குற்றத்தில் சேர்க்க முடியுமா என்ற கேள்வி பல உயர் நீதிமன்றங்களுக்குப் போயிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2022லும் தில்லி உயர் நீதிமன்றம் 2023லும் முடியாது என்றே தீர்ப்பளித்துள்ளன. பணம் வரவில்லை என்றால் அதற்கு 20ஆம் பிரிவிலேயே தனி வழி இருக்கிறது: கணவரின் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியை நேரடியாக மனைவிக்குக் கொடுக்கும்படியோ நீதிமன்றத்தில் கட்டும்படியோ வேலை தருபவருக்கே நடுவர் உத்தரவிடலாம். எனவே எந்தக் கோரிக்கை எந்தப் பிரிவின் கீழ் உத்தரவாகிறது என்பது ஏட்டுப் படிப்பு விவகாரம் அன்று. வீட்டுக்குள் வரக் கூடாது என்ற தடையை வசிப்பிட உத்தரவுக்கான 19ஆம் பிரிவின் கீழ் மட்டும் வாங்கிவிட்டு, தொடர்புகொள்ளக் கூடாது என்பதை 18ஆம் பிரிவின் கீழ் கேட்காமல் விட்டவர்கள், மீறல் நடந்த பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் நல்ல வாதம் ஒன்றை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

உத்தரவின் நகலை இரு தரப்புக்கும், சம்பந்தப்பட்ட காவல் நிலையத்துக்கும் நீதிமன்றமே இலவசமாகத் தர வேண்டும் என்பது 24ஆம் பிரிவு. எங்களுக்குக் கிடைத்த நகல் ஐந்து பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஊதா நிற முத்திரை, கடைசிப் பக்கத்தில் மட்டுமே தடைகள். காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய நகல் போய்ச் சேரவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. கணவருக்கு உத்தரவு சார்வு செய்யப்பட்டதற்கான, அதாவது நேரில் சேர்ப்பிக்கப்பட்டதற்கான, ஒப்புகையைப் பாதுகாப்பு அலுவலர் கவனமாக வாங்கி வைத்திருந்தார். இது நியாயத்துக்கும் தேவையான ஒன்று: உத்தரவு இருப்பதையே அறியாத மனிதரை அதை மீறினார் என்று தண்டிக்க எந்த நீதிமன்றமும் முன்வராது, முன்வரவும் கூடாது. அந்த ஒப்புகைத் தாள் கோப்பில் இருந்ததால்தான் “எனக்கு எந்தத் தாளும் வரவில்லை” என்று அவர் பின்னர் சொன்ன பேச்சு எடுபடவில்லை.

மீறல் நடந்த விதத்தைச் சொல்கிறேன். பண்டிகைக் கூட்டம் இருந்த ஒரு மாலையில் அவர் ஜவுளிக் கடைக்கு வந்தார். ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு, தங்கை அமர்ந்திருந்த பில் போடும் மேசையின் வரிசையில் வாடிக்கையாளரைப் போல நின்றார். தன் முறை வந்ததும் சட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, வழக்கை வாபஸ் வாங்காவிட்டால் குழந்தையைப் பள்ளியிலிருந்து தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, பில்லுக்குப் பணமும் கட்டிவிட்டுப் போனார். அன்று இரவு முதல் அவருடைய அண்ணனிடமிருந்து குரல் பதிவுகள் வரத் தொடங்கின. கூச்சல் இல்லை, கைகலப்பு இல்லை; பார்த்தவர்களுக்கு ஒருவர் சட்டை வாங்கினார், அவ்வளவுதான். உத்தரவின் கடைசிப் பக்கத்தோடு ஒப்பிட்டால் அந்தச் சில நிமிடங்களில் மூன்று தடைகள் மீறப்பட்டிருந்தன.

மறுநாள் காலை உத்தரவு நகலோடு காவல் நிலையம் போனோம். ரைட்டர் மேசையில் இருந்தவர் முதல் பக்கத்தில் மனு எண்ணைப் பார்த்தார், தாளை நான்காக மடித்து எங்கள் பக்கமே தள்ளினார். “இது கோர்ட் விவகாரம்மா, அங்கேயே போய்ச் சொல்லுங்க. வேணும்னா ரெண்டு பேரையும் கூப்பிட்டு வச்சுப் பேசி விடுறோம்” என்றார். அவர் குரலில் கடுமை இல்லை, உதவி செய்வதாகவே நினைத்துச் சொன்னார். தங்கையைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்த மனிதரை, அதே தங்கையின் எதிரே நிலையத்தில் உட்காரவைத்துப் பேசவிடுவது அந்த உத்தரவுக்கே எதிரானது என்பது அவருக்குத் தோன்றவில்லை. நாங்கள் எழுத்துப் புகாரைக் கொடுத்துவிட்டு நகர மறுத்ததால் மனு ஏற்பு ரசீது ஒன்றைக் கொடுத்தார்கள். சி.எஸ்.ஆர். எனப்படும் அந்த ரசீது வழக்குப் பதிவு ஆகாது. புகார் வாங்கப்பட்டது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. ரசீது கிடைத்ததையே எஃப்.ஐ.ஆர். என்று நம்பி வீடு திரும்பும் பெண்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013லேயே தீர்ப்பளித்தது. கணவன் மனைவி தகராறுகளில் பதிவுக்கு முன் ஒரு முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று அதே தீர்ப்பில் இருக்கும் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிலையங்கள் “பேசி விடுகிறோம்” என்கின்றன. என் கருத்தில் அந்த வரி இங்கே பொருந்தாது. குடும்பத்தில் என்ன நடந்தது என்பதை நடுவர் ஏற்கனவே பார்த்து உத்தரவிட்டுவிட்டார். இப்போது நிலையத்தின் முன் இருப்பது நீதிமன்ற உத்தரவை ஒருவர் மீறினார் என்ற புகார். இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2006ஆம் ஆண்டின் விதிகளில் 15ஆம் விதி இதற்காகவே எழுதப்பட்டது. மீறலை உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும், அதைக் கைது செய்யத்தக்க குற்றமாகவே கையாள வேண்டும் என்று அது சொல்கிறது. பாதிக்கப்பட்ட பெண் விரும்பினால் காவல் நிலையத்துக்கோ நடுவரிடமோ நேரடியாகப் போகலாம் என்றும், பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுத்தால் அவர் உத்தரவு நகலோடு அதை நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதே விதி மூன்று வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. உத்தரவை நிறைவேற்றுவதை எதிர்மனுதாரரோ அவர் சார்பில் மற்றவரோ எதிர்த்துத் தடுத்தால் அதுவும் மீறலாகவே கருதப்படும். அந்த விதியின் அச்சிட்ட தாள் ஒன்று ஒவ்வொரு மகளிர் காவல் நிலையத்தின் ரைட்டர் மேசையிலும் ஒட்டப்பட்டிருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகும்.

எங்களுக்குப் பலன் தந்தது மூன்றாவது வாசல்தான். பாதுகாப்பு அலுவலர் அன்றே தங்கையிடம் கையெழுத்து வாங்கி, புகாரோடு உத்தரவையும் சார்வு ஒப்புகையையும் இணைத்து நடுவருக்கு அனுப்பினார். கூடவே, கடையின் சிசிடிவி பதிவை அழியாமல் எடுத்து வைக்கும்படி கடை மேலாளருக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். இந்தச் சேவை முழுவதிலும் மிகவும் பயனுள்ள செயல் அது என்பேன், ஏனெனில் கேமராப் பதிவுகள் சில நாட்களிலேயே தம்மேல் தாமே பதிவாகி அழிந்துவிடும். குரல் பதிவுகளைப் பொறுத்தவரை, அவை வந்த கைபேசியை அப்படியே பாதுகாக்க வேண்டும், வேறு பேசிக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடக் கூடாது. நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யும்போது சாட்சியம் பற்றிய பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும். வழக்கறிஞர் அந்தப் படிவத்தை நினைவூட்டாமல் இருந்தால் நாங்கள் நீளமான ஸ்கிரீன்ஷாட் கட்டு ஒன்றை மட்டும் கொண்டுபோய் நின்றிருப்போம். பெண்ணின் தனிச் சாட்சியமே போதும் என்று சட்டம் சொன்னாலும், “நீதிமன்றம் முடிவுக்கு வரலாம்” என்பதுதான் அதன் வாசகம், வந்தே தீர வேண்டும் என்பதில்லை. துணைச் சான்று இருப்பதை விட்டுவிட வேண்டியதில்லை.

நடுவர் புகாரைப் பார்த்த பிறகு நிலையத்துக்கு உத்தரவு போனது, அதே நிலையம் வழக்குப் பதிவு செய்தது. மடித்துத் தள்ளப்பட்ட அதே தாள்தான் எஃப்.ஐ.ஆரின் இணைப்பாக ஆனது. இப்படி நடுவர் சொல்லித்தான் பதிவு நடக்கும் என்ற நிலை இருந்தால் 31ஆம் பிரிவைக் கைது செய்யத்தக்க குற்றமாக வைத்ததற்கே பொருள் இல்லை. நிலையத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் குறைவதற்கு இதுவே காரணம். நிலைய அதிகாரி பதிவு செய்ய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதன் பிறகு நடுவரிடம் மனுப் போடலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவும் வழி சொல்கிறது.

அடுத்து நடந்ததை மிகைப்படுத்தாமல் சொல்வது நல்லது, ஏனெனில் “ஜாமீனில் விட இயலாத குற்றம்” என்ற சொல்லைக் கேட்டுப் பலர் உடனே கைது, உடனே சிறை என்று எதிர்பார்க்கிறார்கள். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்று காவல் துறை காரணம் எழுத வேண்டும். தேவையில்லை என்றால் ஆஜராகும்படி அறிவிப்பு கொடுத்தாலே போதும். ஜாமீனில் விட இயலாது என்பதற்கு நிலையத்திலேயே உரிமையாக ஜாமீன் கேட்க முடியாது என்பதுதான் பொருள், நடுவர் கொடுக்கலாம். எங்கள் வழக்கில் குழந்தையைத் தூக்கிச் செல்வேன் என்ற மிரட்டலைக் காரணம் காட்டிக் கைது செய்தார்கள், விரைவில் ஜாமீனும் கிடைத்தது. ஆனால் அந்த ஜாமீன் உத்தரவில் நடுவர் விதித்த நிபந்தனைகள்தான் தங்கைக்கு முதன்முறையாக நிம்மதியான உறக்கத்தைக் கொடுத்தன. தொலைபேசியிலோ வேறு வகையிலோ தொடர்புகொள்ளக் கூடாது, குடியிருக்கும் இடத்தை விட்டு விலகியிருக்க வேண்டும், மது அருந்தக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை விதிக்க 15ஆம் விதியே இடம் தருகிறது. அவற்றை மீறினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். ஜாமீன் விசாரணை அன்று பாதுகாப்பு அலுவலரோ வழக்கறிஞரோ நீதிமன்றத்தில் இருந்து அந்த நிபந்தனைகளைக் கேட்க வேண்டும். தானாக அவை வந்து விழும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

விசாரணை நடைமுறை பற்றி ஒரு செய்தி. மீறல் குற்றத்தைச் சுருக்க முறையில் விசாரிக்க விதிகள் இடம் தருகின்றன. வேகமாக முடியும் என்பதால் அது பெண்ணுக்கு நல்லதென்றே தோன்றும். ஆனால் சுருக்க விசாரணையில் மூன்று மாதங்களுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்க முடியாது என்பது குற்றவியல் நடைமுறையின் பொது விதி. 31ஆம் பிரிவில் அச்சாகியிருக்கும் ஓராண்டு, சுருக்க முறையைத் தேர்ந்த பிறகு காகிதத்தில் மட்டுமே இருக்கும். என் தங்கை வேகத்தையே விரும்பினாள், அது அவளுடைய முடிவு. மீறலின்போது கொடுமையோ வரதட்சணைக் கேட்போ நடந்திருந்தால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு, வரதட்சணைத் தடைச் சட்டம் ஆகியவற்றின் கீழும் நடுவர் சேர்த்துக் குற்றச்சாட்டு வனையலாம். அப்போது அந்தப் பகுதி முழு விசாரணைக்குப் பிரிந்து போகும். எந்த வழி என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து நிதானமாகத் தீர்மானிக்க வேண்டும்.

பாதுகாப்பு அலுவலரைப் பற்றி இதுவரை நல்லதே எழுதியிருக்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் எங்கள் மாவட்டம் முழுமைக்கும் அவர் ஒருவர்தான். அறிக்கை எழுதுவது, அறிவிப்புச் சார்வு செய்வது, பண உதவி உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்ப்பது, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது, காப்பகம் தேடுவது எல்லாம் சட்டத்தின் 9, 13ஆம் பிரிவுகள் அவர் தலையில் வைத்த கடமைகள். அவர் விடுப்பில் இருந்த நாளில் எங்களுக்கு மீறல் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. நடுவர் பாதுகாப்பு உத்தரவில் இட்ட கடமையைத் தகுந்த காரணமின்றிச் செய்யத் தவறும் பாதுகாப்பு அலுவலருக்கு 33ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை என்கிறது. அரசின் முன் அனுமதி இல்லாமல் அந்த வழக்கு நகராது என்று 34ஆம் பிரிவு சேர்க்கிறது. ஒரு மாவட்டத்தின் சுமையைத் தூக்கும் ஒருவரைத் தண்டனை காட்டி ஓட வைப்பதைவிட, இன்னும் நான்கு பேரை நியமிப்பதுதான் அரசு செய்ய வேண்டியது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் அலுவலர்களைக் கண்டறிந்து பாதுகாப்பு அலுவலர்களாக அறிவிக்க மாநிலங்களுக்கு ஆறு வாரம் அவகாசம் கொடுத்தது. உங்கள் வட்டத்துக்கு யார் என்பதை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டு, பெயரையும் எண்ணையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரவு நேரத்தில் 181 என்ற உதவி எண் எங்களுக்குப் பதில் தந்தது, மகளிர் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கவும் இடம் ஏற்பாடு செய்தார்கள்.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன் என்றால், தயங்காமல் எல்லாப் பெண்களுக்கும். கணவரிடம் மட்டுமின்றி, உடன்பிறந்தவர்களிடமோ ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த துணையிடமோ துன்பப்படும் பெண்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். வீடு மாமியார் பெயரில் இருப்பதால் உரிமை இல்லை என்று சொல்லித் துரத்தப்பட்டவர்கள், உறவினர் பெயரில் உள்ள வீடும் பகிர்ந்து வாழ்ந்த இல்லமாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொன்னதை வழக்கறிஞரிடம் எடுத்துச் சொல்லலாம். உத்தரவு கைக்கு வந்த அன்றே நிலையத்துக்குத் தாங்களே ஒரு நகலைக் கொடுத்து, இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வது மட்டும் நான் வலியுறுத்திச் சொல்லும் ஒன்று. எங்களுக்கு அது முன்பே நடந்திருந்தால் ரைட்டர் மேசையில் அந்த உரையாடலே நிகழ்ந்திருக்காது.

கால வரம்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அலுவலகப் பெஞ்சில் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். முதல் மனுவைக் கொடுக்க ஓராண்டுக் கெடு எதுவும் இல்லை என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பல ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டு வந்தவர்களும் மனுப் போடலாம். மீறல் குற்றத்துக்கு அப்படி இல்லை. அதற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டு என்பதால், மீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். இப்போது அதைச் சொல்வது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514ஆம் பிரிவு. நிலையம் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து மாதக் கணக்கில் “பார்க்கலாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாலும் அந்தக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே ஒவ்வொரு மீறலையும், அது ஒரு தவறிய அழைப்பாகவே இருந்தாலும், நாள், நேரம், இடத்தோடு ஒரு நோட்டில் எழுதி, பாதுகாப்பு அலுவலரிடம் கையெழுத்திட்டுக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.